அறுத்த நூல்

சம்பந்தி ஆகப்போகிறவரின் வாயைத் துணி வைத்து அடைக்கலாமா? அது மரியாதையா?

போன வாரம் இந்தக் கேள்வியை எழுப்பி, "கூடாது" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார் பெரிய டாக்டர். தொண்டைக்கு முன்னால் திரைபோல விரிக்க வேண்டிய காஸ் துணியைத் தட்டிலேயே விட்டுவிட்டார். செயற்கைப் பல்லின் திருகாணியை முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரின் தலையில் ஒரு துளை உண்டு. நூல் கட்டுவதற்காகவே போட்ட துளை அது. அதில் மருமகள் கட்டி வைத்திருந்த நூலைக் கத்தரியால் நறுக்கென்று வெட்டினார்.

"நூல் கண்ணை மறைக்குது."

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். எச்சில் பட்ட எஃகு வழுக்கும். விரலின் ஒரு கணு நீளம்கூட இல்லாத அந்த ஸ்க்ரூடிரைவர், ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டரின் நாக்கின் பின்பக்கமாகச் சறுக்கிக் காணாமல் போனது.

"ஐயையோ! எழுந்து உக்காருங்க சம்பந்தி, தண்ணி குடிங்க!" என்று பதறினார் பெரிய டாக்டர்.

"எழுப்பாதீங்க அத்தை!"

பக்கத்து நாற்காலியிலிருந்து கத்தியது சின்ன டாக்டர். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ், இடுப்புயரக் கண்ணாடித் தடுப்பின் இரண்டு பக்கமும் பல் பார்க்கும் கிளினிக் அது. மருமகள் மாமியாரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை.

"படுத்தபடியே விடுங்க. பக்கவாட்டில சாய்ங்க மாமா. கன்னத்துப் பக்கம் வரட்டும்!"

சொல்வதற்குக் காரணம் உண்டு. படுத்திருப்பவரைப் பக்கவாட்டில் சாய்த்தால், தொண்டை ஓரத்தில் தங்கிய பொருள் கன்னத்துக்கு உருளும். இடுக்கியால் எடுத்துவிடலாம். நிமிர்த்தி உட்கார வைத்தாலோ கிணற்றில் கல் போட்ட மாதிரிதான்.

ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிடும் வளர்ப்பு. இருமினார். கண்ணில் நீர் வந்தது. மறுபடி இருமினார். அப்புறம் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"போயிடுச்சு டாக்டரம்மா. விடுங்க. முழுங்கிட்டேன்."

*

அவர் போய் வரவேற்பறையில் உட்கார்ந்ததும் சின்ன டாக்டர் தேட ஆரம்பித்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயின் முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலைச் சல்லடையைத் தட்டிப் பார்த்தாள். அவர் கழுத்தில் கட்டியிருந்த ஏப்ரனின் மடிப்புகளை உதறினாள். துப்பும் தொட்டியில் விரல் விட்டாள். முழங்கால் போட்டு நாற்காலிக்கு அடியில் டார்ச் அடித்தாள். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது வெட்டுப்பட்ட நூல்துண்டு மட்டும்.

மாமியார் உள்ளறை வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கயும் இல்ல அத்தை. எக்ஸ்ரே எடுக்கணும். நெஞ்சுக்கும் வயித்துக்கும். இப்பவே."

"எதுக்கு? முழுங்கிட்டேன்னு அவரே சொல்றாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவரு தொண்டை அவருக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியுமோ?"

"எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனாலதான் படம் எடுக்கச் சொல்றேன்."

"மூச்சுக்குழாய்ல போயிருந்தா மனுஷன் இந்நேரம் மூச்சு முட்டிக் கிடப்பாரு. எட்டிப் பாரு, பேப்பர் படிச்சிட்டிருக்காரு."

இது பாதி உண்மை. மூச்சுக்குழாயின் வாயை அடைக்கும் அளவுக்குப் பெரிய பொருள் என்றால் ஆள் திணறுவார். முகம் நீலம் பாரிக்கும். பென்சில் முனைபோல் மெல்லிய பொருள் அப்படி இல்லை. குழாயைத் தாண்டி நுரையீரலின் ஒரு கிளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் காற்று போக வழி இருக்கும். உடம்பு கொஞ்சம் இருமிப் பார்க்கும், பிறகு பழகிவிடும். புதுக் குடித்தனக்காரனைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இருமல் நின்றதால் ஆபத்து நின்றது என்று ஆகாது. நாள் ஆக ஆக அந்தப் பொருளைச் சுற்றிச் சதை வீங்கும், சளி கட்டும், நுரையீரலின் அந்தப் பகுதி பழுக்கும்.

"அத்தை, இன்னிக்கு எடுத்தா சுலபம். அடுத்த மாசம் எடுத்தா ஆபரேஷன்."

"நாளைக்கழிச்சு நிச்சயதார்த்தம்!" பெரிய டாக்டர் குழாயை மூடினார். ஈரக் கைகளைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டார். "பொண்ணு கொடுக்கப்போற வீட்டு மனுஷனைக் கூட்டிட்டுப் போய், மெஷின் முன்னாடி நிறுத்தி, உங்க நெஞ்சுக்குள்ள எங்க ஸ்க்ரூடிரைவர் இருக்கான்னு பார்க்கிறோம்னு சொல்லவா? ஊர் வாயை எந்த உலைமூடி போட்டு மூடறது? முப்பது வருஷமா கட்டின பேரு."

"பேரு படத்துல தெரியாது. ஸ்க்ரூடிரைவர்தான் தெரியும்."

"நூலு!"

அதுதான் மாமியார் வைத்த பட்டப்பெயர். எதை வாய்க்குள் கொண்டுபோனாலும் முதலில் அதற்கு நூல் கட்டுகிறாள் என்பதால் "நூலு". முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "எங்க நூலு கட்டி வச்சா யானையையும் வாய்க்குள்ள விட்டு எடுக்கலாம்" என்று பேஷன்ட்களிடம் பெருமையடிப்பார். இந்த ஆறேழு மாதமாகத்தான் அந்தப் பெயரில் முள் முளைத்திருந்தது. நூலைக் கண்டாலே வெட்டினார்.

"நல்லாக் கேட்டுக்க. நீ இப்ப அவரு பின்னாடி போனேன்னு வச்சுக்க, நாளைக்கு இந்தக் கிளினிக்ல உன் நாற்காலி கிடையாது."

சின்ன டாக்டர் கையுறையை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். கணவன் கப்பலில் எஞ்சினியர், இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. கேட்டுவிட்டுச் செய்வோம் என்றால் கேட்க ஆளில்லை.

"நாற்காலி வேற எங்கயாவது கிடைக்கும் அத்தை. நுரையீரல் கிடைக்காது."

வரவேற்பறைக்கு வந்தபோது பேப்பர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை.

"இப்பத்தான் கிளம்பினாரு," என்றார் காத்திருந்த ஒரு பேஷன்ட். "பெரிய டாக்டர் நிறைய வாழைப்பழம் சாப்பிடச் சொன்னாங்களாம். கூடவே போயிடுமாம்."

*

அழைத்துப் பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் போனை எடுக்கவில்லை. அவர் வீடு எந்தத் தெருவில் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுப் படியேறும் உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு.

அந்த ஒருத்தி நீச்சல் குளத்தின் விளிம்பில் விசிலோடு நின்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார், நிச்சயத்துக்குக் காத்திருக்கும் கல்யாணப்பெண். நீச்சல் கோச். அண்ணன்காரன் வைத்த பெயர் "தவளை". வீட்டில் எல்லோருக்கும் அவள் தவளைதான்.

"என்ன அண்ணி, பல்லு எல்லாத்தையும் புடுங்கித் தீர்த்துட்டீங்களா, பகல்ல ஊர் சுத்தறீங்க?"

சின்ன டாக்டர் நடந்ததைச் சொன்னாள். தவளையின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அந்த இடத்தில் கோபம் ஏறியது.

"அம்மாவைக் குத்தம் சொல்ல வந்தீங்களா?"

"குத்தம் அப்புறம் சொல்லிக்கலாம். ஆளைப் பிடிக்கணும்."

"அண்ணி, அந்த வீட்ல ஏற்கெனவே மாப்பிள்ளையோட அத்தைக்காரி ஒருத்தி, பொண்ணு நீச்சலுடை போட்டு நிக்கிற வேலை பார்க்குதேன்னு முகத்தைச் சுளிச்சிட்டிருக்கா. இப்ப இதுவும் சேர்ந்தா, நிச்சயம் நின்னுடும். அவரை விட்டா எனக்கு வேற யாரும் வேணாம், அது உங்களுக்கே தெரியும். அம்மா முழுங்கிட்டாருன்னு சொன்னா முழுங்கிட்டாருதான்."

"சரி. இருமினாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. சிரிச்சாரு."

தவளையின் கை விசிலில் நின்றது.

"சத்தமே இல்லையா?"

"இல்ல."

குளத்தில் ஒரு சிறுமி தண்ணீர் குடித்துவிட்டு ஓவென்று அழுதபடி கரையேறிக்கொண்டிருந்தாள். தவளை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுகிற பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. அழ மூச்சு இருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஓரமாகப் போய் உட்காரும் பிள்ளையைத்தான் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். குளக்கரையில் வேலைக்குச் சேர்ந்த அன்று கற்ற முதல் பாடம் அது.

விசிலைக் கழற்றி இன்னொரு கோச்சின் கழுத்தில் மாட்டினாள்.

"வாங்க அண்ணி. ஈரத்தோடயே போலாம். அந்த அத்தைக்காரிக்கு இன்னும் ஒரு காரணம் கிடைச்ச மாதிரி இருக்கட்டும்."

*

ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஒன்றை உரித்து வாய்க்குக் கொண்டுபோன நேரம், மருமகளாக வரப்போகிறவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே வந்த சின்ன டாக்டர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் அவர் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கித் தட்டோடு எடுத்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா வாயைப் பிளந்தார். "என்னம்மா இது! பசிச்சா கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே!"

"மன்னிச்சிடுங்கம்மா. அவரு இப்ப எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூட வேணாம். குழாய் விட்டுப் பார்க்க வேண்டி வந்தா மயக்க மருந்து கொடுப்பாங்க. வயிறு காலியா இருந்தாத்தான் கொடுக்கலாம்."

"குழாயா? எதுக்குக் குழாய்? இவரு பல்லு நல்லாக் கட்டியாச்சுன்னாரே!"

ஸ்டேஷன் மாஸ்டர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை என்பது தெரிந்துபோயிற்று.

"உக்காருங்கம்மா," என்றார் சின்ன டாக்டரிடம். "ஒண்ணும் இல்ல. எனக்கு நல்லாத்தான் இருக்கு. டாக்டரம்மா மனசு கஷ்டப்பட வேணாம். கையில இருந்து நழுவறது எல்லாருக்கும் சகஜம்தானே?"

பேசி முடித்து மூச்சை இழுத்தபோது ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் பால் குக்கர் கூவுவதற்கு முன் முனகுமே, அந்த மாதிரி. தவளை நிமிர்ந்தாள்.

"மாமா, நீங்க இருமலை அடக்கறீங்க."

"சேச்சே."

"நான் நாள் முழுக்க மூச்சைத்தான் பார்த்துட்டிருக்கேன். வாக்கியத்தை நடுவில வெட்டி வெட்டிப் பேசறீங்க. தோளைத் தூக்கி மூச்சு விடறீங்க. அடக்காதீங்க, இருமுங்க."

அவர் இருமினார். அடக்கி வைத்த காலை முழுவதும் ஒன்றாக வெளியே வந்தது. சம்பந்தியம்மா முதுகைத் தடவ ஓடினார். இருமல் அடங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் சிவந்து, வெட்கத்தோடு சிரித்தார்.

"காலைலேர்ந்தே தொண்டைக்குக் கீழ ஒரு குறுகுறுப்பு. டாக்சியில கொஞ்சம் அதிகமாச்சு. இருமி வச்சா, சம்பந்தி வீட்டை ஏதோ குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு..."

கேட்டீர்களா கதையை? மரியாதைக்காகத் துணியை விரிக்கவில்லை அந்த வீடு. மரியாதைக்காக இருமலை விழுங்கியது இந்த வீடு. இரண்டு மரியாதைக்கும் நடுவில், மூச்சுக்குழாய்க்குள் ஒரு எஃகுத் துண்டு.

சின்ன டாக்டர் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டாள்.

"மாமா, நீங்க ஸ்டேஷன் மாஸ்டர். தொண்டையை ஒரு ஜங்ஷன்னு வச்சுக்குங்க. ஒரு லைன் வயித்துக்கு, ஒரு லைன் நுரையீரலுக்கு. நடுவில ஒரு சின்ன மூடி. அதுதான் தண்டவாளத்தை மாத்திவிடற பாயின்ட்ஸ்மேன். சோறு வந்தா காத்து லைனை மூடிடும்."

"சரி."

"இன்னிக்கு அந்தப் பக்கம் மரத்துப்போற ஊசி போட்டிருந்தோம். பாயின்ட்ஸ்மேன் அரைத்தூக்கம். வண்டி திடீர்னு, டைம்டேபிள்ல இல்லாம வந்துச்சு."

ஸ்டேஷன் மாஸ்டரின் முதுகு நேராயிற்று. "காத்து லைன் மேல போனா?"

"கீழ ரெண்டாப் பிரியும். இடது பக்கம் வளைஞ்சு போற சின்ன லைன். வலது பக்கம் அகலம், கிட்டத்தட்ட நேர்ப்பாதை. தவறி வர்றது பெரும்பாலும் வலதுலதான் போய் நிக்கும். வயித்துக்குப் போயிருந்தா அநேகமா தானா வெளியேறிடும், சும்மா கண்காணிச்சாப் போதும். இது கூர்முனை உள்ளது, அதனால அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லணும். நுரையீரல்னா தானா வெளியேற வழியே இல்ல. எடுத்துத்தான் ஆகணும்."

"எந்த லைன்ல போச்சுன்னு..."

"யாரும் பார்க்கல. நீங்க வயித்துக்குப் போயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க."

அவர் மேஜை விரிப்பிலிருந்து கையை எடுத்தார்.

"வண்டி வந்து சேர்ந்துச்சான்னு பார்க்காமயே, பாதை காலின்னு லைன் கிளியர் கொடுத்திருக்கேன்," என்றார் மெதுவாக. "என் ஸ்டேஷன்ல எவனாவது இப்படிச் செஞ்சிருந்தா சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன்."

"அப்ப கிளம்புங்க மாமா."

"ஆனா டாக்டரம்மா பேரு... பொண்ணு எடுக்கிற வீடு. நாளைக்கு நாலு பேர்..."

தவளை அவர் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள். தலையில் சுற்றிய துண்டிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா மானத்தை உங்க நுரையீரல்ல பூட்டி வைக்க வேணாம் மாமா. இதனால நிச்சயம் நின்னா நிக்கட்டும். மாமனார் உயிரோட இருந்தாத்தான் மறுபடி பேச முடியும்."

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "இன்னும் என்ன பேச்சு? எழுந்திருங்க! மரியாதை பார்த்து மரியாதை பார்த்துத்தான் உங்க பல்லு அத்தனையும் போச்சு. வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னீங்களா?"

*

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இரண்டு படம் எடுத்தார்கள். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முன்னாலிருந்து மட்டும் எடுத்தால் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், எதற்குள் இருக்கிறது என்று குழம்பும். பக்கவாட்டுப் படம்தான் முன்னது எது, பின்னது எது என்று பிரித்துச் சொல்லும்.

திரையில் விலா எலும்புகள் வெள்ளை வேலியாக எழுந்தன. வலது பக்கத்தில், இதயத்தின் நிழலுக்குச் சற்று வெளியே, தலைகீழாக ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். எலும்பைவிட வெள்ளையாக, அச்சு அசலாக. துளைகூடத் தெரிந்தது. நூல் கட்டுவதற்காகவே போட்ட துளை.

சின்ன டாக்டர் அந்தப் படத்தைப் போனில் எடுத்து மாமியாருக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படத்தின் ஓரத்திலேயே ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது.

நுரையீரல் டாக்டர் அவர்கள் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். நடு வயது, களைத்த கண்கள், நல்ல மனிதர். "குழாய் விட்டு எடுத்துடலாம். புதுசு, இன்னும் சதை சுத்தல. நல்லவேளை இன்னிக்கே வந்தீங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சின்ன டாக்டர் பக்கம் குனிந்தார். "பெரிய டாக்டரை எனக்கு நல்லாத் தெரியும். எனக்கே பல்லு கட்டினவங்க. வீட்ல ஏதோ ரிப்பேர் பார்க்கும்போது வாயில வச்சிருந்தாரு, முழுங்கிட்டாருன்னு வச்சுக்கலாமா? நமக்குள்ள?"

மூன்றாவது மரியாதை. சின்ன டாக்டருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம் டாக்டர்."

வாசலில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கை பைக்குள். மறு கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை.

"என் நாற்காலியில, என் கையிலேர்ந்து விழுந்தது. நூல் கட்டித்தான் இருந்தது, அதை வெட்டினது நான். தொண்டைக்குத் துணி விரிக்காதது நான். படுத்திருந்தவரை எழுப்பி உக்கார வச்சது நான். அப்படியே எழுதுங்க. வாழைப்பழமும் நான்தான்."

"டாக்டரம்மா..." என்று எழுந்தார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நீங்க உக்காருங்க. நான் எழுந்திருக்கச் சொன்னா எழுந்திருக்கிறதை முதல்ல நிறுத்துங்க." உறையை மேஜைமேல் வைத்தார். "இது அதோட ஜோடி. அதே கம்பெனி, அதே தலை, அதே நீளம். உள்ள விடறதுக்கு முன்னாடி உங்க இடுக்கியில எது இதைக் கெட்டியாப் பிடிக்குதுன்னு வெளியவே பார்த்துக்குங்க. உள்ள போய் வழுக்கிச்சுன்னா இன்னும் கீழ இறங்கிடும்."

நுரையீரல் டாக்டர் உறையைத் தூக்கிப் பார்த்தார். களைத்த கண்களில் வெளிச்சம் வந்தது. "இது பெரிய உதவி டாக்டர்."

தவளை அம்மாவையே பார்த்தாள். "மன்னிப்பு கேக்க வந்தியாம்மா?"

"மன்னிப்பா? வேலையைப் பார்க்க வந்தேன்," என்றார் பெரிய டாக்டர். "தலையைத் துவட்டு. ஜலதோஷம் பிடிக்கும்."

*

காத்திருந்த நேரத்தை நீட்டி உங்களைப் பதற வைக்க எனக்கு மனமில்லை. ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. மூன்று இடுக்கிகளை ஜோடியின்மேல் வெளியிலேயே பரீட்சித்துப் பார்த்ததில், வலைக்கூடை போலிருந்த ஒன்றுதான் வழுக்காமல் பிடித்தது. அதையே உள்ளே விட்டார்கள். முதல் பிடியிலேயே வந்துவிட்டது.

எஃகுக் கிண்ணத்தில் அது டங்கென்று விழுந்த சத்தம் வெளியே கேட்டதாகச் சம்பந்தியம்மா சத்தியம் செய்தார். அத்தனை கதவைத் தாண்டிக் கேட்டிருக்க முடியாது. இருந்தாலும் யாரும் மறுக்கவில்லை. அவரும் தவளையும் உள்ளே ஓடினார்கள்.

நடைபாதையில் மாமியாரும் மருமகளும் தனித்து நின்றார்கள். நர்ஸ் வந்து ஜோடியை உறையோடு பெரிய டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை உறையிலிருந்து எடுத்தார். காலையில் மருமகள் தட்டிலிருந்த எல்லாக் கருவிக்கும் கட்டிய நூல், இதில் வெட்டுப்படாமல் தொங்கியது.

"நாளைக்கு என் நாற்காலி கிடையாதுன்னு சொன்னீங்க," என்றாள் சின்ன டாக்டர். "நான் வரத்தான் போறேன் அத்தை. வாசல்ல வேற டாக்டரை உக்கார வச்சாலும் வருவேன்."

சின்ன டாக்டர் மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைபாதையின் சன்னல்கள் மூடியிருந்தன. மின்விசிறி நின்றிருந்தது. கருவி அசையாமல் இருப்பதுபோலத்தான் தெரிந்தது, அவ்வளவு இறுக்கமான பிடி. அதிலிருந்து தொங்கிய நூலின் நுனி மட்டும் நடுங்கியது. நிற்காமல், சீராக, தந்தி அடிப்பதுபோல் நடுங்கியது.

ஓயாமல் கழுவிய கை. கோட்டுப் பைக்குள் ஒளிந்த கை. ஆறேழு மாதமாக நூலைக் கண்டால் பாய்ந்த கத்தரி.

"நூல் கண்ணை மறைக்கல. இல்லையா அத்தை?"

"இல்ல." பெரிய டாக்டர் நூலைச் சட்டென்று விரலில் சுற்றிக்கொண்டார். "காட்டிக்கொடுத்துச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"உனக்கு. இப்ப." மோவாய் உயர்ந்தது. "பெரிசா ஒண்ணும் இல்ல. களைப்பு. நாளைக்குக் காலைல முதல் பேஷன்ட் எனக்குத்தான். முப்பது வருஷமா அந்த நாற்காலி என்னோடது. எவ தடுக்கிறான்னு பார்க்கறேன்."

"நான் தடுப்பேன்."

சின்ன டாக்டர் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். கருவியைக் கேட்கும் கை. தினமும் கண்ணாடித் தடுப்புக்கு மேலாக, ஒருவருக்கொருவர் நூறு தடவை நீட்டிக்கொள்ளும் அதே கை.

மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். விரலில் சுற்றிய நூல் இன்னும் இறுகியது. விரல் நுனி வெளுத்தது.

கதவு திறந்தது. தவளை தலையை நீட்டினாள். அழுததா சிரித்ததா என்று சொல்ல முடியாத முகம்.

"அம்மா, அவரு கண்ணு முழிச்சுட்டாரு. குரலே வரல, கரகரன்னு முதல் வார்த்தை என்ன சொன்னாரு தெரியுமா? 'சம்பந்தியைக் கூப்பிடு. மிச்சம் இருக்கிற திருகாணியை நாளைக்கே முடுக்கிடலாம், அவங்க கையாலேயே முடுக்கட்டும். அப்பத்தான் ஊர் வாய் அடங்கும்'ங்கறாரு!"

பெரிய டாக்டர் கதவைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.